எய்ட்ஸுக்கு மூலிகை: எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை

மூலிகையால் எய்ட்ஸ் தீருமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. சித்தர்கள் சொல்லாத நோயே இல்லை, இதற்கும் மருந்து இருக்கத்தான் செய்யும் என்பது ஒரு தரப்பு. இலையையும் வேரையும் அரைத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பது இன்னொரு தரப்பு. கேள்வியைப் பிரித்துப் பார்க்க இரண்டு தரப்புக்கும் பொறுமை இல்லை. அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு மூலிகை மருந்து உடலுக்குள் எச்.ஐ.வி. பெருகுவதை நிறுத்துகிறதா? நோயாலும் மருந்தாலும் வரும் வயிற்றுப்போக்கு, பசியின்மை, தோல் புண் போன்ற உபாதைகளைத் தணிக்கிறதா? வைரஸை அடக்க அரசின் ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் கூட்டு மருந்தோடு சேர்த்து உண்டால் அந்தக் கூட்டு மருந்துக்கு என்ன ஆகிறது? முதல் கேள்விக்கு இரத்தத்தில் வைரஸை எண்ண வேண்டும். இரண்டாவதற்கு நோயாளியின் அன்றாட அவதி எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். எய்ட்ஸில் மூலிகை வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த அளவுகோல்கள் இடம் மாறிப்போன வரலாறு என்பது என் வாதம். நோயாளி தேறினார் என்பதைக் கொண்டு வைரஸ் ஒழிந்தது என்று முடிவு கட்டினார்கள். உரிய இடத்தில் உரியதை அளந்தபோது செடிகள் சிறிதளவேனும் உண்மையான பலனைத் தந்திருக்கின்றன. ஆனால் அது மேடை போட்டு அறிவிக்கப்பட்ட பலன் அல்ல.

இந்தக் குழப்பத்துக்கு நோயின் இயல்பே முதற்காரணம். காலராவுக்கோ பாம்புக்கடிக்கோ கொடுத்த மருந்து பலித்ததா என்பது சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில் தெரிந்துவிடும். எச்.ஐ.வி. அப்படியல்ல. தொற்றிய சில வாரங்களில் காய்ச்சலும் நெறிகட்டலும் வந்து, தாமாகவே அடங்கிவிடும். அதன்பின் சிகிச்சையே இல்லாவிட்டாலும் சராசரியாகப் பத்தாண்டுகள் வெளிப்படையான நோய் இல்லாமல் ஓடும். சிலருக்கு இது மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். மிகச் சிலருக்கு இருபதாண்டு கடந்தும் எதிர்ப்பாற்றல் குலையாது. இந்த அமைதியான காலத்தில் ஒருவர் எந்த லேகியத்தை உண்டாலும் அது வேலை செய்வதுபோலவே தோன்றும். நோய் முற்றிய பிறகும் சரிவு ஒரே சீராக நிகழ்வதில்லை. காசநோய் வருகிறது, அதற்கு மருந்து கொடுத்தால் எடை கூடுகிறது. வாய்க்குள் பூஞ்சைப் படலம் படிகிறது. அதை நீக்கினால் சோறு இறங்குகிறது. மனிதர்கள் வைத்தியரைத் தேடி வருவதோ தங்கள் நிலை மிக மோசமான நாளில்தான். அந்த நாளுக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் பலருக்குக் கொஞ்சமாவது ஏற்றம் இருக்கும். எதிர்ப்பாற்றலைக் காட்டும் அளவாகக் கொள்ளப்படும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கைகூட ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்கும். ஒரு சளிக்காய்ச்சலுக்கே ஏறி இறங்கும். நேர்மையான வைத்தியரும் நேர்மையான நோயாளியும் சேர்ந்து, பொய்யே சொல்லாமல், தவறான முடிவுக்கு வந்து சேர இந்த நோயில் எல்லா வசதியும் உண்டு. போலிகளை விட்டுவிட்டு நல்லவர்களைப் பற்றிப் பேசினால்தான் இந்தச் சிக்கல் விளங்கும்.

அதற்குத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு கண்டறிந்தது. அடுத்த பத்தாண்டில் நோய் முற்றியவர்கள் வரத் தொடங்கியபோது, பல மருத்துவமனைகள் அவர்களைத் தொடவே தயங்கின. காசநோயாளிகளுக்காக 1928இல் சௌரி முத்து நிறுவிய தாம்பரம் சானடோரியம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1990களின் முடிவில் நாட்டிலேயே மிக அதிகமான எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளில் ஒன்றாக அது இருந்தது. அதன் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் ஆங்கில மருத்துவத்தில் தேர்ந்தவர், நெஞ்சக நோய் நிபுணர். அவர் ஆதரவில் அங்கு ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய மூன்றும் சேர்ந்த சித்த மருத்துவம் ஆயிரக்கணக்கானோருக்குத் தரப்பட்டது. மூன்று மருந்துகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘ரான்’ என்றார்கள். அதே காலத்தில் மேலைநாடுகளில் நடந்தது வேறு. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது என்பது 1996இல் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டு மருந்தின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளின் கணக்கு மாறியது. இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. மருந்து இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை என்ற நிலை எட்டாண்டுகள் நீடித்தது.

அந்த எட்டாண்டுகளை மறந்துவிட்டுத் தாம்பரத்தை எடைபோடுவது நியாயமாகாது. வேறொன்றும் இல்லாத இடத்தில் கைக்கு எட்டியதைக் கொடுத்தார்கள். படுக்கை கொடுத்தார்கள், சத்தான சாப்பாடு கொடுத்தார்கள், காசநோய்க்கு மருந்து கொடுத்தார்கள், முகம் கொடுத்துப் பேசினார்கள். நோயாளிகளின் எடை கூடியது, அறிகுறிகள் தணிந்தன என்று அவர்கள் எழுதிவைத்ததைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. சந்தேகம் அடுத்த படியில்தான் வருகிறது. அந்தத் தேறுதலில் மெழுகுக்கு எவ்வளவு பங்கு, காசநோய் மாத்திரைக்கு எவ்வளவு, வேளாவேளைக்குக் கிடைத்த சோற்றுக்கு எவ்வளவு? இதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. ஒரே நிலையில் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, மற்ற எல்லாக் கவனிப்பையும் சமமாக வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அந்த மருந்தைத் தர வேண்டும். தாம்பரம் அதைச் செய்யவில்லை. நெரிசலில் தவித்த ஓர் அரசு மருத்துவமனையால் அன்று செய்திருக்கவும் முடியாது. ஆனால் செய்யாத ஆய்வின் முடிவைச் செய்ததாக வைத்துக்கொண்டு, ‘எய்ட்ஸுக்குச் சித்த மருந்து’ என்ற பேச்சு வெளியே பரவியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரசகந்தி மெழுகை மூலிகைக் கணக்கில் சேர்ப்பதே பிசகு. அதில் ரசமும் கந்தகமும் உண்டு. ‘செடிதானே, என்ன கெடுத்துவிடப் போகிறது’ என்ற சமாதானம் பாதரசத்துக்குச் செல்லாது.

நவீன மருத்துவம் தன் அளவுகோலைத் தங்கள் மீது திணிக்கிறது என்பது பாரம்பரிய வைத்தியத் தரப்பில் அடிக்கடி கேட்கும் மனக்குறை. அந்த அளவுகோல் முதலில் யாரை அடித்துச் சாய்த்தது என்று பார்த்தால் குறை பாதி கரைந்துவிடும். எய்ட்ஸுக்கென 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஏ.இசட்.டி. அதைக் கொடுத்தால் சிடி4 எண்ணிக்கை ஏறியது, நோயாளிகள் தேறினார்கள், மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். அறிகுறி தோன்றும் முன்பே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று எல்லோரும் நினைத்தார்கள். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 1,749 பேரைக் கொண்டு நடந்த கன்கார்ட் ஆய்வு அதைச் சோதித்தது. 1994இல் வெளியான முடிவு பலரை அதிர வைத்தது. முன்கூட்டியே மருந்து உண்டவர்களின் சிடி4 எண்ணிக்கை ஆய்வுக் காலம் முழுவதும் உயர்ந்தே இருந்தது. ஆனால் எய்ட்ஸ் வந்தவர்கள், இறந்தவர்கள் எண்ணிக்கையில் காத்திருந்து மருந்து உண்டவர்களோடு ஒப்பிட வித்தியாசமே இல்லை. இரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் தெரிந்த முன்னேற்றம் ஆயுளில் தெரியவில்லை. ஒரு பெரும் நிறுவனத்தின் வியாபாரத்தையும், ஒரு தலைமுறை மருத்துவர்களின் நம்பிக்கையையும் பாராமல் அந்த ஆய்வு இதைச் சொன்னது. ஒற்றை மருந்து போதாது என்ற தெளிவுக்கும் கூட்டு மருந்துக்கும் வழி இப்படிப்பட்ட தோல்விகளினூடாகத்தான் திறந்தது. ஏ.இசட்.டி.க்குக் காட்டாத சலுகையை அமுக்கராவுக்குக் காட்டச் சொல்வது எந்த வகையில் சேர்த்தி?

கன்கார்டின் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நிலவேம்பைப் பார்க்கலாம். டெங்குக் காலத்தில் தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் அண்டா அண்டாவாக விநியோகிக்கப்படும் அதே நிலவேம்புதான். அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளை எச்.ஐ.வி. தொற்றிய 13 பேருக்கும் தொற்றில்லாத 5 பேருக்கும் கொடுத்து அமெரிக்காவில் ஒரு தொடக்கநிலை ஆய்வு நடந்தது. முடிவு 2000இல் வெளியானது. தொற்றியவர்களின் சராசரி சிடி4 எண்ணிக்கை 405இலிருந்து 501 ஆக உயர்ந்தது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டு ‘நிலவேம்பு எய்ட்ஸை வெல்லும்’ என்று எழுதிவிட முடியும். மற்ற வரிகள் இவை: இரத்தத்தில் வைரஸின் அளவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை, ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது, உபாதைகள் காரணமாக ஆய்வு ஆறாவது வாரத்தில் நிறுத்தப்பட்டது. மஞ்சளின் கதையும் இதுதான். அதிலுள்ள குர்குமின் சோதனைக் குழாயில் வைரஸைத் தடுத்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1996இல் வந்த முடிவில் வைரஸைக் குறைக்கும் தன்மை அதற்குத் தென்படவில்லை. உலகெங்கும் நடந்த மூலிகை ஆய்வுகளைத் திரட்டி 2005இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், குலுக்கல் முறைப்படி நடந்தவை என்று தேறியவை ஒன்பதே ஆய்வுகள்; பங்கேற்றவர்கள் மொத்தம் 499 பேர். அவற்றில் ஓரிரு சீன, தாய்லாந்து மருந்துகள் நம்பிக்கை தரும் அறிகுறியைக் காட்டின; பெரும்பாலானவை வெற்று மாத்திரையிலிருந்து வேறுபடவில்லை. பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே மதிப்பாய்வின் தீர்ப்பு. அதுவரை இத்தனை ஆரவாரம் செய்த ஒரு துறையில் முறையாகச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பக்கூடக் காணாது.

சோதனைக் குழாயில் பலித்தது உடம்பில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. சிகிச்சை இல்லாத ஓர் உடலில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி புதிய வைரஸ் துகள்கள் வரை உருவாகின்றன என்று 1996இல் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்கு அடங்காத புதிய வைரஸாக அமைந்துவிடும். பாதித் தடையோ விட்டுவிட்டு வரும் தடையோ வைரஸைப் பழக்கித்தான் விடும். குழாயில் ஊற்றிய செறிவு, குடலைத் தாண்டிக் கல்லீரலைத் தாண்டி இரத்தத்தில் நாள் முழுவதும் நிற்க வேண்டும். கஷாயத்தில் அந்தப் பொருள் இந்தப் பருவத்தில் ஓர் அளவும் அடுத்த பருவத்தில் வேறோர் அளவுமாக இருக்கும். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற மாற்று விளக்கமும் இங்கே உதவுவதில்லை. எச்.ஐ.வி. நன்றாகப் பெருகுவதே தூண்டப்பட்ட சிடி4 அணுக்களில்தான். உடலே சுரக்கும் இன்டர்லியூகின்-2 என்ற பொருளை மருந்தாகக் கொடுத்துச் சிடி4 எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். எண்ணிக்கை ஏறியது, நோயும் சாவும் குறையவில்லை என்று 2009இல் முடிவு வந்தது.

‘மருந்துகளில் பாதி செடியிலிருந்து வந்தவைதானே’ என்ற வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1980களின் நடுவிலிருந்து உலகின் காடுகளில் செடி மாதிரிகளைத் திரட்டி எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தது. 1987இல் சரவாக் காட்டில் சேகரித்த ஒரு மரத்திலிருந்து கலனோலைடு கிடைத்தது. நம் கடற்கரைப் புன்னையின் நெருங்கிய உறவு அந்த மரம். மறுபடி மாதிரி எடுக்கப் போனபோது அது வெட்டப்பட்டிருந்தது என்பது தாவரவியலாளர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்லும் செய்தி. நாவல் குடும்பத்து மரமொன்றில் தொடங்கிய ஆராய்ச்சி பெவிரிமாட் என்ற மருந்து வரை வந்து, பலருடைய உடலில் உள்ள வைரஸ் வகைகளுக்கு அது பலிக்காததால் 2010இல் கைவிடப்பட்டது. சீனக் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த ‘காம்பவுண்டு க்யூ’வை 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் நோயாளிகளே அதிகாரிகளுக்குத் தெரியாமல் கொண்டுவந்து சோதித்தார்கள். நரம்பு பாதிப்பும் மரணமும்தான் விளைந்தன. இன்னும் உயிரோடு இருக்கும் நம்பிக்கை புரோஸ்ட்ராடின். சமோவாத் தீவின் வைத்தியப் பெண்கள் மஞ்சள் காமாலைக்குக் கொடுத்துவந்த மாமலா மரத்துப் பட்டையில் அது கிடைத்தது. கூட்டு மருந்துக்கு எட்டாமல் அணுக்களுக்குள் உறங்கும் வைரஸை அது எழுப்பிவிடுகிறது. எழுந்தால்தான் அழிக்க முடியும். அந்த மரத்தின் வருமானத்தில் சமோவாவுக்குப் பங்கு தர ஒப்பந்தங்களும் போடப்பட்டன. இவ்வளவு இருந்தும், இன்று நோயாளி விழுங்கும் கூட்டு மருந்தில் செடியிலிருந்து நேராக வந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஆகவே ‘செடியிலிருந்து மருந்து வரும்’ என்பது ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கக் காரணமாகலாம். அந்தச் செடியை இன்றே அரைத்துக் குடிக்கக் காரணமாகாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கேதான் மூலிகை உண்மையிலேயே வென்றிருக்கிறது, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. அமேசான் காட்டுப் பழங்குடிகள் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்த ஒரு மரத்தின் செந்நிறப் பால் உண்டு. ‘டிராகன் இரத்தம்’ என்று அங்கே பெயர். அதிலிருந்து எடுத்த குரோஃபெலமர், கூட்டு மருந்து உண்ணும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வரும் தொற்றில்லாத வயிற்றுப்போக்குக்கு 2012 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாய்வழி உட்கொள்ளும் தாவர மருந்து ஒன்று அங்கே அனுமதி பெற்றது அதுவே முதல் முறை. 374 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், மருந்து உண்டவர்களில் 17.6 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் பலன் தெரிந்தது. எண்கள் சிறியவைதாம். ஆனால் அவை நிற்கின்றன. உகாண்டாவின் கம்பாலாவில் 1992இல் தொடங்கிய தேட்டா என்ற அமைப்பு நாட்டு வைத்தியர்களையும் மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் அக்கிக்கு அங்குள்ள வைத்தியர்கள் கொடுத்த மருந்து மருத்துவமனைச் சிகிச்சைக்குக் குறையாமல் ஆற்றியது, வலியும் சீக்கிரம் தணிந்தது என்று கண்டார்கள். குலுக்கல் முறை இல்லாததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆயினும் வைத்தியர் எதைச் சொன்னாரோ அதையே அளந்தார்கள் என்பதால் எனக்கு அது தாம்பரத்துக் கோப்புகளைவிட மதிப்புடையதாகத் தெரிகிறது. அக்கி ஆறும் என்றார். அக்கி ஆறியதா என்று பார்த்தார்கள்.

மூன்றாவது கேள்வி அதிகம் பேசப்படாதது, அதிக ஆபத்தானது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, அன்று வழக்கிலிருந்த இண்டினாவிர் மருந்தின் இரத்த அளவைப் பாதிக்கும் கீழே, 57 விழுக்காடு இறக்கியது என்று 2000இல் தெரிந்தது. கல்லீரல் அந்த மூலிகையால் முடுக்கப்பட்டு மருந்தை விரைவாக அழித்துவிடுகிறது. 2002இல் அதே ஆய்வாளர்கள் பூண்டை எடுத்துக்கொண்டார்கள். பூண்டு மாத்திரையைத் தொடர்ந்து உண்டவர்களின் இரத்தத்தில் சாக்வினாவிர் அளவு 51 விழுக்காடு குறைந்தது. பூண்டை நிறுத்திப் பத்து நாளாகியும் முழுமையாக மீளவில்லை. (ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல்லைப் பற்றி அல்ல இந்தப் பேச்சு, செறிவூட்டிய மாத்திரையைப் பற்றி.) மருந்தின் அளவு பாதியானால் வைரஸ் பாதியாக எழுவதில்லை, அந்த மருந்துக்கே கட்டுப்படாததாக எழுகிறது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸுக்குப் பெயர்பெற்ற சதர்லாந்தியா என்ற செடியை 2015இல் வெளியான ஆய்வு ஒன்று முறையாகச் சோதித்தது. வைரஸ் அளவிலும் சிடி4 எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை. செடியை உண்டவர்களுக்குத் தொற்றுகளின் சுமை சற்றுக் கூடுதலாக இருந்தது. காசநோயைத் தடுக்க ஐசோனியாசிட் எடுத்துவந்த இருவருக்குக் காசநோயே வந்தது. செடி அந்த மாத்திரையோடு மோதியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஐயம்.

பூண்டு மாத்திரை ஆய்வு வெளியாகி நான்காண்டு கழித்து, 2006 ஆகஸ்டில் டொரண்டோவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-சிமாங் இவற்றை மாற்று மருந்துபோல முன்னிறுத்தி வந்தவர்; அதிபர் தாபோ உம்பெக்கியோ வைரஸ்தான் காரணமா என்பதையே கேள்விக்குள்ளாக்கியவர். கூட்டு மருந்தை அரசு தாமதித்ததால் 2000க்கும் 2005க்கும் இடையே 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். அது பூண்டு கொன்ற கணக்கல்ல. மருந்து வராததன் கணக்கு. பூண்டு செய்தது அந்தத் தாமதத்துக்கு ஒரு மரியாதையான முகத்தைக் கொடுத்ததுதான். காம்பியாவின் அதிபர் யாஹ்யா ஜாமே 2007 ஜனவரியில் இன்னும் நேரடியாகவே இறங்கினார். மூலிகையால் எய்ட்ஸைத் தாமே குணப்படுத்துவதாக அறிவித்து, வியாழக்கிழமைகளில் வைத்தியம் பார்த்தார்; நோயாளிகள் கூட்டு மருந்தை விட்டுவிட வேண்டும் என்றார். கேள்வி கேட்ட ஐ.நா. பிரதிநிதி நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆதாரமாகக் காட்டப்பட்டது செனகல் ஆய்வுக்கூடம் ஒன்றில் செய்த இரத்தப் பரிசோதனை. சிகிச்சைக்கு முந்தைய அளவு இல்லாமல் ஒற்றைப் பரிசோதனையைக் கொண்டு குணமானதாகச் சொல்ல முடியாது என்று அந்தக் கூடத்தின் தலைவரே பிற்பாடு மறுத்தார். அளவுகோல் இடம் மாறுவதற்கு இதைவிடப் பட்டவர்த்தனமான உதாரணம் கிடைக்காது. ஜாமே பதவி இழந்து நாட்டைவிட்டுப் போன பின், உயிர் பிழைத்த நோயாளிகள் 2018இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள்.

இன்னும் மூன்று மறுப்புகள் பதில் கேட்டு நிற்கின்றன. காப்புரிமை கிடைக்காத செடிக்கு எந்த நிறுவனம் ஆய்வுச் செலவு செய்யும் என்பது முதலாவது. நியாயமான கேள்வி, குரோஃபெலமரைத் தொடங்கிய நிறுவனமே நொடித்துப்போய், இன்னொரு நிறுவனம்தான் அதைக் கரைசேர்த்தது. ஆகவே இது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆயுஷுக்கென்று தனி அமைச்சகமே இருக்கும் நாட்டில் பணமில்லை என்ற பேச்சு எடுபடாது. சித்த வைத்தியம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுத்துச் சோதிப்பது அதன் முறைக்கே விரோதம் என்பது இரண்டாவது. மாறட்டும். வைத்தியர் நாடி பார்த்துத் தம் விருப்பப்படி மருந்தை மாற்றிக்கொள்ளட்டும். அவரிடம் போகும் குழுவையும் போகாத குழுவையும் மட்டும் குலுக்கலில் பிரித்து, முடிவில் இரண்டையும் அளந்தால் போதும். முறை எதுவானாலும் அதன் விளைவு ஒன்று இருந்தாக வேண்டுமல்லவா? கூட்டு மருந்துக்கு மட்டும் பக்கவிளைவு இல்லையா என்பது மூன்றாவது. உண்டு. முன்பு அதில் சேர்ந்திருந்த ஸ்டாவுடின் கன்னச் சதையைக் கரைத்தது, பாதங்களில் எரிச்சலைத் தந்தது. முகத்தைப் பார்த்தே ஊரார் நோயை ஊகிக்கும் அவலத்துக்கு ஆளாக்கியது. அதை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. 4,685 பேரைக் கொண்ட ஸ்டார்ட் ஆய்வு, உடனே சிகிச்சை தொடங்கினால் கடுமையான நோயும் மரணமும் 57 விழுக்காடு குறையும் என்று 2015இல் காட்டிய பிறகு, கூட்டு மருந்துக்குப் பதிலாக எதையும் சோதிப்பதற்கே அறத்தில் இடமில்லாமல் போய்விட்டது. மூலிகைக்கு மிஞ்சியிருக்கும் இடம் அதன் பக்கத்தில்தான்.

சட்டம் இந்த இடத்தைத் தெளிவாக்கியிருக்க வேண்டும். இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாத நோய்களின் பட்டியல் எய்ட்ஸில்தான் தொடங்குகிறது. விற்பவர்கள் இதற்குள் புகுந்து வர நெடுநாள் முன்பே கற்றுக்கொண்டார்கள். ‘எய்ட்ஸைக் குணப்படுத்தும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று அச்சடித்தால் யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது, அளக்கவே முடியாத ஒன்றைத்தானே சொல்கிறார்கள். விளம்பரத்தைத் தடுப்பதால் மட்டும் இது நிற்காது. மறைவில் உண்பவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டு மருந்து எடுத்தேன் என்று சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தவர் சொல்லமாட்டார். சொல்லாதவரின் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறினால், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவர்மீதே பழி வரும், மருந்து மாற்றப்படும், உண்மையான காரணம் அவர் வீட்டு அலமாரியில் அப்படியே இருக்கும்.

இண்டினாவிரும் சாக்வினாவிரும் இன்று வழக்கொழிந்துவிட்டன, பழைய எச்சரிக்கைகளைக் காட்டிப் பயமுறுத்துவானேன் என்று கேட்கலாம். இன்றைய மருந்துக்கு இன்றைய எச்சரிக்கை உண்டு. இப்போது ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலானோருக்குத் தரும் ஒற்றை மாத்திரையின் முக்கியப் பகுதி டோலுடெக்ராவிர். வலுவான மருந்து, உபாதை குறைவு. ஆனால் இரும்பு, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் போன்றவை வயிற்றில் அதைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேர விடாது. எனவே சத்து மாத்திரைக்கும் வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ அதை உண்ண வேண்டும் என்பது விதி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து உண்ணலாம். சோகைக்கு அயச் செந்தூரமும் வயிற்றுக் கோளாறுக்குச் சங்கு பற்பமும் உண்பவர் தமிழ்நாட்டில் அபூர்வமல்ல. முன்னது இரும்பு, பின்னது கால்சியம். செந்தூரத்திலும் பற்பத்திலும் அவை எந்த வடிவில் இருக்கின்றன, டோலுடெக்ராவிரை எந்த அளவுக்குப் பிடித்து வைக்கின்றன என்பதைச் சில பத்துத் தன்னார்வலர்களையும் சில வாரங்களையும் கொண்டு அளந்துவிடலாம். வைரல் லோடு பரிசோதனையும் மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவரை மருந்துச் சீட்டு எழுதும் மேசையில் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கலாம், அதட்டாமல்: வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், அதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?